பரம்பரையா, பழக்கமா?

அன்புள்ள இனியனுக்கு,

கொலஸ்ட்ரால் கூடுவது பரம்பரையாலா, பழக்கத்தாலா என்று கேட்டிருந்தாய். இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதுதான் நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது. உடலுக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே செய்துகொள்கிறது. கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து அகற்றும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. அதன் செல்களின் மேலுள்ள ஏற்பிகள் அதைப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. இதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த ஏற்பிக்கான மரபணுப் பிரதிகள் இரண்டில் ஒன்று பழுதானாலே எல்.டி.எல். பிறந்தது முதல் உயர்ந்திருக்கும். இத்தகைய பரம்பரைக் கோளாறு ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு உண்டு. அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

பிறவியிலேயே வந்ததென்றால் வாயைக் கட்டி என்ன பயன் என்று தோன்றும். ஆனால் அது அப்படியல்ல. நெதர்லாந்தில் இக்கோளாறுள்ள ஒரு பெருங்குடும்பத்தின் இரண்டு நூற்றாண்டு இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து, முடிவை 2001இல் வெளியிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் பழுதான அம்மரபணு உள்ளவர்களிடம் இறப்பு மற்றவர்களைவிட மிகுந்திருக்கவில்லை. 1915க்குப் பிறகு ஏறி, 1935க்கும் 1964க்கும் இடையில் அது உச்சத்தைத் தொட்டது. மரபணு அதேதான், சூழ்ந்திருந்த வாழ்க்கைதான் மாறியது. பரம்பரை ஆபத்தைத் தருகிறது. அது எவ்வளவு பெரிதாகும் என்பதில் உணவுக்கும் உழைப்புக்கும் புகைபிடிப்பதற்கும் பங்குண்டு.

அப்படியானால் பத்தியமே போதும், மாத்திரை எதற்கு என்பது அடுத்த கேள்வி. போதாது. பழுதான ஏற்பியை எந்த உணவும் சரிசெய்யாது. உணவுக் கட்டுப்பாட்டால் எல்.டி.எல். ஓரளவே இறங்கும். ஸ்டாடின் மாத்திரை கல்லீரலின் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கிறது. அதனால் கல்லீரல் கூடுதல் ஏற்பிகளை உண்டாக்கி ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. இக்கோளாறு இல்லாத பெரும்பாலோருக்கோ, பல மரபணுக்களின் சிறுசிறு பாதிப்போடு நிறைவுற்ற கொழுப்பும் வனஸ்பதியும் உடல் எடையும் சேர்ந்தே அளவை ஏற்றுகின்றன.

ஒல்லியாக இருக்கிறோம், இளவயது என்பதை நம்பி இருந்துவிடாதே. மிகுந்த கொலஸ்ட்ரால் வலிக்காது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்ததா என்று வீட்டில் கேள். வந்திருந்தால் இப்போதே ரத்தப் பரிசோதனை செய்துகொள். மருத்துவர் மாத்திரை தந்தால் நீயாக நிறுத்தாதே. குடும்ப வரலாற்றை அறிந்தவனுக்குத்தான் தன் பழக்கங்களின் மதிப்பும் முழுதாகத் தெரியும்.

அன்புடன்,
மாமா