வாய்ப்புண்: முக்கியக் குறிப்புகள்

• அடிக்கடி காண்பது ஆப்தஸ் புண். நடுவில் மஞ்சள் கலந்த வெண்மை, சுற்றிலும் சிவப்பு வளையம், காரம் பட்டால் எரிச்சல். தொற்றாது.

• வகைகள் 3. சிறியது 1 செ.மீ.க்குள் இருக்கும், 7 முதல் 14 நாளில் தழும்பின்றி ஆறும், பெரும்பாலோருக்கு வருவது இதுதான். பெரியது 1 செ.மீ.க்கு மேல், ஆற வாரக்கணக்கில் ஆகும், தழும்பு விடலாம். மூன்றாவது ஹெர்பெட்டிஃபார்ம், 1–3 மி.மீ. அளவில் கொத்துக் கொத்தாக வரும். ஹெர்பஸ் வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கொள்குறி வினாவில் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய இடம் இது.

• வந்த இடமே பாதி விடை சொல்லிவிடும். ஆப்தஸ்: உதடு, கன்னம் இவற்றின் உட்புறம், நாக்கின் அடி. ஹெர்பஸ் சிம்ப்ளெக்ஸ் மறுபடி கிளம்பினால்: உதட்டோரம், ஈறு, கடின அண்ணம், முதலில் கொப்புளம், உடைந்தபின் புண்.

• குழந்தைக்குக் காய்ச்சலோடு வாயில் புண், உள்ளங்கை, பாதத்தில் கொப்புளம்: கை-கால்-வாய் நோய். காக்சாக்கி ஏ16 வைரஸ்.

• ஆப்தஸ் புண்ணுக்கு ஒரே காரணம் என்று எதுவும் நிறுவப்படவில்லை. தூண்டுபவை: பல் கடி, மன அழுத்தம், மாதவிடாய், இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 குறைவு. திரும்பத் திரும்ப வந்தால் ரத்தப் பரிசோதனையில் இவற்றைப் பார்க்க வேண்டும். மணத்தக்காளிக் கீரை நல்ல உணவு. ஆனால் பி12 கீரையில் கிடையாது. பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு.

• பி2 குறைவு: வாயோர வெடிப்பு, நாக்கு அழற்சி. சி குறைவு: ஸ்கர்வி, ஈறில் ரத்தக் கசிவு.

• பெச்செட் நோய்: வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண், கண் அழற்சி மூன்றும் சேர்ந்தது. 1937-இல் விவரித்தவர் துருக்கியின் தோல் மருத்துவர் ஹுலுசி பெச்செட்.

• மெத்தோட்ரெக்சேட்: மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் தரும் மருந்து. தவறிப்போய் தினமும் சாப்பிட்டவருக்கு வாய்ப்புண் அபாய அறிகுறி. செவிலியர் தேர்வுக்கு மட்டுமல்ல, வார்டுக்கும் இது வேண்டும்.

• சிகிச்சை: 0.2% குளோர்ஹெக்சிடின் வாய்க்கொப்பளிப்பு, 0.1% டிரையாம்சினலோன் பசை. வலிக்கு லிக்னோகெயின் ஜெல். ஹெர்பஸுக்கு அசைக்ளோவிர். ஆப்தஸ் என நினைத்து ஹெர்பஸ் மேல் ஸ்டீராய்டு தடவினால் தொற்று பெருகும். கூர்மையான பல் குத்தி வந்த புண்ணுக்கு முதல் மருந்து அந்தப் பல்லைச் சரிசெய்வதுதான்.

• 3 வாரம் தாண்டியும் ஆறாத புண்: திசுச் சோதனை. 2 வாரத்திலேயே காட்டச் சொல்லும் நூல்களும் உண்டு. வாய்ப் புற்றுநோயில் மிகப் பெரும்பான்மை ஸ்குவாமஸ் செல் வகை. புண்ணின் விளிம்பு தடித்துக் கெட்டியாக இருக்கும், கழுத்தில் நெறி கட்டலாம். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லாததாலேயே ஆட்கள் தாமதமாக வருகிறார்கள். புகையிலையை அடக்கிவைக்கும் கன்னமும் ஈறும் நம் நாட்டில் முக்கிய இடங்கள். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய்க் காரணி (பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 1-ஆம் பிரிவு). "பாக்கு மட்டும்தானே" என்பவரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

• திருவனந்தபுரம் மாவட்ட ஆய்வு (லான்செட், 2005): பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.