நிக்காஹும் தலாக்கும் ஏட்டில் ஏறட்டும்

 

கடன் கொடுத்தால் எழுதிக் கொள்ளும்படி சூரத்துல் பகராவில் அல்லாஹ் ஏவுகிறான். தலாக்குக்கு நீதியுள்ள 2 சாட்சிகளை வைக்கும்படி சூரத்துத் தலாக்கில் ஏவுகிறான். ரிங்லெட்டில் கடை நடத்தும் அடியேன், தோட்டத்தார் வாங்கும் அரைக் கிலோ பருப்புக் கடனையும் ஏட்டில் எழுதுகிறவன். என் தலாக்கை மட்டும் எழுதாமல் விட்டேன்.

ஊரில் என் முதல் நிக்காஹ் முறிந்தபோது, ஜமாஅத்துப் பெரியவர்கள் முன் தலாக் சொல்லி, மஹரும் இத்தாக் காலச் செலவும் கொடுத்துத் தீர்த்தேன். தஃப்தரில் பதியவில்லை. பின்னர் ஊரிலேயே மறுமணம் செய்து, மனைவியை இங்கே அழைக்க மனுச் செய்தேன். "முந்திய மனைவி என்ன ஆனார்? பத்திரம் எங்கே?" என்றார்கள். பத்திரம் இல்லையேல் அவர் இன்னும் மனைவியே. அப்போது இது 2ஆம் தாரம். அதற்கு ஷரீஅத் கோர்ட் அனுமதி வேண்டும். சாட்சிகளில் ஒருவர் மவுத்தாகி விட்டார். மற்றவரிடம் எழுதி வாங்குவதற்குள் ஒரு வருஷம் போயிற்று. என் மகன் தவழத் தொடங்கிய பிறகே இம்மலைக்கு வந்தான். அந்த முந்திய பெண்மணியும் பத்திரமின்றி மறுமணத்துக்குத் தவித்தாராம். அந்தப் பாவம் என் கழுத்தில்.

ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தாரும் திருமணத்தைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். ஜமாஅத் தஃப்தரின் நகலோடு அச்சான்றையும் வாங்குங்கள்.

2. முந்திய நிக்காஹ் ஒவ்வொன்றுக்கும் முடிவைக் காட்டுங்கள்: தலாக், குலா, ஃபஸ்கு எனில் தேதியும் சாட்சிகளும் உள்ள பத்திரம்; மவுத்து எனில் இறப்புச் சான்று. ஒரே மூச்சில் சொன்ன முத்தலாக் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் செல்லாது, குற்றமுமாகும்.

3. வெளிநாட்டில் நிக்காஹ் செய்தவர் 6 மாதத்துக்குள் மலேசியத் தூதரகத்திலோ, திரும்பி வந்து இங்கோ பதிய வேண்டும்.

4. இந்நாட்டில் கோர்ட்டுக்கு வெளியே தலாக் சொன்னவர் 7 நாளுக்குள் ஷரீஅத் கோர்ட்டில் அறிவிக்க வேண்டும்.

5. பத்திரங்களிலும் பாஸ்போர்ட்டிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

6. முந்திய நிக்காஹை மறைத்து மனுவில் பொய் எழுதாதீர்கள். பின்னால் அது வெளிப்பட்டால் கிடைத்த அனுமதியும் போகும்.

சாட்சிகள் உயிரோடிருக்கும்போதே எழுதி வாங்குங்கள். கடை ஏட்டுக்குக் காட்டும் கவனத்தைக் குடும்ப ஏட்டுக்கும் காட்டுவோமாக! வஸ்ஸலாம்.