விளம்பர வீடியோவில் சினிமாப் பாட்டு போடலாமா?

கேள்வி: ஆன்லைனில் சேலை விற்கிறேன். வீடியோவின் பின்னணியில் பத்து நொடி சினிமாப் பாட்டு வைத்தால் தப்பா?

பதில்: அனுமதி இல்லாமல் வைக்காதீர்கள். 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் ‘பத்து நொடிக்குச் சலுகை’ என்று எதுவும் கிடையாது. மெட்டு, பாடல் வரி, ஒலிப்பதிவு மூன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கிச் சோதனை முறை பாட்டைக் கண்டுபிடித்துவிட்டால், உரிமையாளர் உங்கள் வீடியோவையே முடக்கலாம். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை கிடைக்கிறது. சிலவற்றுக்கு மட்டும் இசையமைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

பாடும் குரல் இல்லாத இசையாக எடுங்கள், உங்கள் பேச்சோடு மோதாது. குரலைவிட 15 முதல் 20 டெசிபல் குறைத்து வையுங்கள். ஜரிகையைக் காட்டி விலை சொல்லும் இடத்தில் இசையை அடியோடு நிறுத்திவிடுங்கள். வாங்குபவர் காதைத் தீட்டிக் கேட்பது அதைத்தான். எடிட் முடிந்ததும் ஹெட்போனில் மட்டுமல்லாமல், போன் ஸ்பீக்கரிலும் போட்டுக் கேளுங்கள்.