பந்தும் மட்குவளையும் அல்லது பல்வங்கர் பாலூவின் இளமை

தோற்றுவாய்

ஆடுகளத்திலே புகழ் பெற்றோரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரே நெறியிற் செல்லக் காண்கிறோம். வறுமையிற் பிறந்தார், இடைவிடாது பயின்றார், உயர்ந்தார், ஆதலின், மாணவர்காள், நீவிரும் பயிலுமின், உயர்வீர் என்று கூறி முடிப்பர். இம்முடிபைப் பொய்யென யாம் சொல்லத் துணியோம். எனினும் இதில் ஒரு பாதி உண்மை விடுபட்டிருக்கிறது என்பது எமது கருத்து. முயற்சி எந்தக் கதவைத் திறக்கும், எந்தக் கதவைத் தனித்து நின்று திறக்கமாட்டாது என்பதை ஆராய்தற்குப் பல்வங்கர் பாலூ என்னும் பந்தெறியாளரின் இளமை வரலாறு மிக ஏற்றது. அதனை ஈண்டுச் சுருங்க எடுத்துரைப்போம்.

கூலியும் ஆட்டமும்

கிரிக்கெட்டாட்டம் ஆங்கிலேயரோடு நம் நாட்டிற்கு வந்தது. அதனை முதலிற் கைக்கொண்ட இந்தியர் பம்பாய்ப் பார்சிகளாவர். அவர்கள் 1848ஆம் ஆண்டிலேயே தமக்கென ஒரு சங்கம் நிறுவினர். 1886ஆம் ஆண்டிலும் 1888ஆம் ஆண்டிலும் இங்கிலாந்து சென்று ஆடினர். பம்பாயிலும் பூனாவிலும் இருந்த இந்துக்கள் அவர்களைப் பார்த்துத் தாமும் ஆடத் தலைப்பட்டனர்.

இவ்வாட்டத்தின் தாயகத்திலே ஆடுவோர் இரு திறத்தினராக வகுக்கப்பட்டிருந்தனர் என்பதை ஈண்டு அறிதல் வேண்டும். பொருள் கருதாது ஆடுவோர் கனவான்கள். கூலி பெற்று ஆடுவோர் தொழிலாட்டக்காரர். ஒரே கட்சியில் ஆடினும், லார்ட்ஸ் மைதானத்திலே இவ்விரு திறத்தாரும் வெவ்வேறு வாயில்களின் வழியாகக் களம் புகுவர். ஆட்டக் குறிப்பை அச்சிடுங்கால், கனவானுக்குத் தலைப்பெழுத்துக்களைப் பெயர்க்கு முன்னும், தொழிலாட்டக்காரனுக்கு அவற்றைப் பெயர்க்குப் பின்னும் இடுவர். இவ்வேற்றுமை 1962ஆம் ஆண்டின் இறுதியிலேதான் நீக்கப்பெற்றது. மட்டையடித்தல் கனவான்களுக்குரிய இன்பம் என்றும், வெயிலில் நின்று நெடும்பொழுது பந்தெறிதல் கூலியாளுக்குரிய உழைப்பு என்றும் ஓர் எண்ணமும் உடன் நிலவிற்று. அவ்வெண்ணம் கப்பலேறி இந்தியாவிற்கும் வந்து சேர்ந்தது. இங்கோ, கூலியென்னும் தடையோடு பிறப்பென்னும் தடையும் கூடிக்கொண்டது.

பிறப்பும் முதல் வேலையும்

பாலூ 19ஆம் நூற்றாண்டின் எழுபதுகளிடையே தார்வார் நகரிற் பிறந்தார். அவர் முன்னோரின் ஊர் கொங்கண நாட்டிலே உள்ளது; பல்வங்கர் என்னும் குடிப்பெயர் அவ்வூரால் வந்ததாகும். குடும்பத்தார் தோற்றொழிலைக் குலத்தொழிலாகவுடைய சமார் வகுப்பினர். அக்காலத்து உயர்சாதியினர் எனப்பட்டோர் அவ்வகுப்பினரைத் தீண்டத்தகாதவரென்று விலக்கி வைத்திருந்தனர். தந்தையார் இராணுவத்தில் ஊழியம் புரிந்தமையாற் குடும்பம் பூனாவிற் குடியேறிற்று. அங்கே படைத்தலைவர்கள் ஆடிக் கழித்த மட்டையையும் பந்தையும் கொண்டு பாலூவும் அவர் தம்பி சிவராமும் ஆடிப் பழகினர்.

பாலூவுக்கு முதல் வேலை பூனாவிலிருந்த பார்சிகளின் கிரிக்கெட்டுச் சங்கத்திலே வாய்த்தது. களத்தைக் கூட்டுதலும், உருளையிழுத்துச் சமன் செய்தலும், இடையிடையே உறுப்பினர்க்குப் பந்தெறிதலுமே அவ்வேலை. சம்பளம் மாதம் 3 ரூபாய். பின்னர் 1892ஆம் ஆண்டளவில் ஐரோப்பியருக்கே உரியதான பூனாக் கிளப்பிற் சேர்ந்தார். சம்பளம் 4 ரூபாயாக உயர்ந்தது. களத்தை உருட்டுதல், கோடிடுதல், பயிற்சிக்கு வலை கட்டுதல், கிரிக்கெட்டு இல்லாத வேளையில் டென்னிஸ் களங்களுக்கு எல்லை குறித்தல் ஆகிய யாவும் அவர் கடமைகள். வலையிலே மட்டையடித்துப் பழக வரும் துரைமாருக்குப் பந்தெறிவதும் இவற்றோடு ஒரு பணியாயிற்று.

அத்துரைமாருள் ஹாம்ப்ஷயர் கட்சிக்கு ஆடிய காப்டன் கிரெய்க் என்பவர் தேர்ந்த மட்டையாளர். அவர் ஏனையோர் வருதற்கு ஒரு மணி நேரம் முன்னரே வந்து, பாலூவை எறியச் செய்து தனித்துப் பயில்வார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யுந்தோறும் அவர் 8 அணா கொடுத்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. அது மெய்யாயின், காப்டனை எட்டு முறை வீழ்த்துவோர்க்கு ஒரு மாதச் சம்பளம் கையில் வந்துவிடும். வேறு எவ்வகையாலும் அவ்விளைஞர் அத்துணை விரைவிற் பொருளீட்டியிருத்தல் இயலாது. ஆயினும், நாள்தோறும் எறிந்து எறிந்து பிறர் ஆட்டத்தை வளர்த்த அவருக்குப் பூனாக் கிளப்பார் ஒருகாலும் மட்டையைக் கையிற் கொடுத்தாரில்லை.

கலையின் இயல்பு

பாலூ இடக்கையால் மெல்லென எறிபவர். அவர் கலையை அறியப் பந்தின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். கிரிக்கெட்டுப் பந்து நடுவிலே தக்கை வைத்து, நூல் சுற்றி, மேலே தோலிட்டுத் தைக்கப்பெற்றது. அதன் எடை 5½ அவுன்சிற் குறையாமலும் 5¾ அவுன்சின் மிகாமலும் இருத்தல் வேண்டும். 22 கஜ தூரத்துக்கு அப்பாலுள்ள விக்கெட்டை நோக்கி எறியுங்கால் அதனை விரல்களாற் சுழற்றிவிட்டால், தையல் விளிம்பு தரையைப் பற்றுதலால், பந்து நேரே செல்லாது ஒருபுறம் திரும்பும். இடக்கையாளர் இவ்வாறு எறியும் பந்து வலக்கை மட்டையாளனை விட்டு விலகி வெளிப்புறம் ஓடும். அவன் அதனைத் தொடர்ந்து மட்டையை நீட்டுவானாயின், விளிம்பிற் பட்டுப் பிறர் கையில் அகப்படும். ஈரம் உலரும் களத்திற் பந்து மிகுதியும் திரும்பும். நன்கு உருட்டி இறுகிய களத்தில் அவ்வளவு திரும்பாது.

எவ்விடத்தில் ஈரம் தங்கும், எவ்விடத்தில் மண் பிளக்கும் என்பதைக் காலையில் உருளையிழுத்த கை மாலையிற் பந்தெறியும்போது மறந்திருக்குமோ? துரைமார் அவருக்குக் கொடுத்தது கூலி வேலை. அவ்வேலையினின்றே அவர் தமக்கு ஒரு கல்லூரியை அமைத்துக்கொண்டார் என்று யாம் கருதுகிறோம்.

மட்குவளை

பூனாவில் இந்துக்களின் சங்கமும் ஒன்று இருந்தது. ஐரோப்பியரை வெல்லவேண்டும் என்பது அதன் பேரவா. ஐரோப்பியரின் வலையிலேயே அவர்களை நாள்தோறும் திணறச் செய்யும் ஒருவர் அவ்வூரிலேயே இருந்தார். அவரைச் சேர்த்துக்கொள்ளலாமா, ஆகாதா? உறுப்பினருட் சிலர் ஆம் என்றனர். சிலர் ஆகாது என்றனர். பாலூவை ஒதுக்குதல் இந்துக்களுக்கே இழப்பாகும் என்று காப்டன் கிரெய்க் வெளிப்படையாகக் கூறினார். முடிவிற் சேர்த்துக்கொண்டனர், அவரால் வெற்றிகளும் பெற்றனர்.

ஆட்டத்தின்போது நிகழ்ந்ததை உற்று நோக்குவோம். பாலூ தொட்டு எறிந்த பந்தைப் பிராமண இளைஞர் ஓடிப் பிடித்தனர். பிடித்து அவர் கையிலேயே மீண்டும் சேர்த்தனர். அப்பந்தின் மேலுறை தோல். தோலைத் தொட்டுத் தொழில் புரிந்தமையாலன்றோ அவர் குலத்தார் விலக்கப்பட்டனர்! களத்திலே அத்தோலால் எவர்க்கும் தீட்டு உண்டாகவில்லை. பின்னர்த் தேநீர் வேளை வந்தது. மற்றையோர் கொட்டகையினுள் அமர்ந்து பீங்கான் கோப்பைகளில் அருந்தினர். பாலூவுக்குக் கொட்டகையின் புறத்தே, குடித்தபின் எறிந்துவிடத்தக்க மட்குவளையில் தேநீர் தரப்பட்டது. முகங்கழுவ நீர் வேண்டின், அவரைப்போல் விலக்கப்பட்ட ஒருவரே கொணர்தல் வேண்டும். நண்பகலுணவும் தனித் தட்டில், தனி மேசையில்.

ஒருமுறை பூனா இந்துக்கள் ஐரோப்பியருடன் ஆடுதற்குச் சதாரா சென்றனர். பாலூவின் பந்து திரும்பாதிருத்தற்பொருட்டு அவ்வூரார் களத்தை ஒரு வாரம் உருட்டி இறுகச் செய்திருந்தனர். ஆயினும் பாலூ 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பூனாக் கட்சி வென்றது. வென்று மீண்டபின், நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே அவருக்கு மாலை சூட்டிப் பாராட்டினார். பாலூவோடு கூடி ஆடுதல் தகுமாயின் அவரோடு கூடி உண்ணுதலும் பருகுதலும் தகும் என்று அப்பெரியார் பூனா ஆட்டக்காரரை இடித்துரைத்தார்.

பம்பாயும் இங்கிலாந்தும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளிற் பாலூ பம்பாய் சேர்ந்தார். அங்கு ஓர் இரயில்வேக் கம்பெனியில் வேலை பெற்று அதன் கட்சிக்கு ஆடினார். அந்நகரத்து இந்து ஜிம்கானாவிலும் அவரைச் சேர்த்தல் குறித்து மறுப்புக் கிளம்பி, பின்னர் அடங்கிற்று. 1906ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இந்துக்கள் பம்பாயில் ஐரோப்பியரை எதிர்த்தனர். இந்துக்கள் முதலில் 242 ஓட்டங்களும் பின்னர் 160 ஓட்டங்களும் எடுத்தனர். ஐரோப்பியர் எடுத்தவை 191, 102. ஆகவே இந்துக்கள் 109 ஓட்டங்களால் வென்றனர். அவ்வெற்றியிற் பாலூவின் பங்கு பெரிது. தம்பி சிவராமும் அக்கட்சியில் ஆடினார்.

1911ஆம் ஆண்டிலே பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்கின் தலைமையில் இந்தியக் கட்சியொன்று இங்கிலாந்து சென்றது. பார்சிகளும் இந்துக்களும் முஸ்லிம்களும் அதில் ஒருங்கே ஆடினர். அக்கட்சி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலூவோ 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்கு எதிரே ஒரே இன்னிங்சில் 103 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட்டுகளைக் கொய்தார். மாதம் 3 ரூபாய்க்குக் களம் கூட்டியவர் இந்நிலை எய்தியது முயற்சியின் பயனே என்பதில் ஐயமில்லை.

இனி, அம்முயற்சியாற் கிட்டாதது யாது எனவும் நோக்குவோம். இந்துக் கட்சியின் தலைமை பாலூவுக்கு வழங்கப்பட்டதேயில்லை. அவரினும் திறமை குறைந்தோர் அதனைப் பெற்றனர். 1920ஆம் ஆண்டில் அவரைக் கட்சியினின்றே நீக்கியபோது, தம்பியர் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து விலகினர். அதன் பின்னரே பாலூவை உபதலைவராக்கினர். 1923ஆம் ஆண்டில் விட்டல் தலைவரானார். அவ்வாண்டு இந்துக்கள் ஐரோப்பியரை வென்றனர். அண்ணனுக்குப் பூட்டியிருந்த கதவு இவ்வாறு தம்பிக்குத் திறந்தது. பாலூ 1955ஆம் ஆண்டிற் காலமானார்.

முடிவுரை

இவ்வரலாற்றில் இரு கதவுகள் உள. ஒன்று களத்தின் கதவு. அதனைப் பாலூவின் கை திறந்தது. வெற்றியை விரும்பியோர்க்கு அக்கை வேண்டியிருந்தமையின், அவர்களால் அதனை நெடுங்காலம் அடைத்து வைக்க இயலவில்லை. மற்றொன்று கொட்டகையின் கதவு. எத்தனை விக்கெட்டுகளை வீழ்த்தினும் அது தானே திறக்கவில்லை. ரானடே போன்ற ஒருவர் உள்ளிருந்து பேசவேண்டியிருந்தது. தம்பியர் இருவர் ஆட மறுக்கவேண்டியிருந்தது. ஆகவே, திறமை இருந்தாற் போதும் என்று விலக்கப்பட்டோரிடம் சொல்லுதல் எளிது. உள்ளே அமர்ந்திருப்போர் எழுந்து கதவைத் திறக்க வேண்டும் என்று தம்மிடமே சொல்லிக்கொள்ளுதல் அரிது. பாலூவின் வரலாறு நமக்கு உணர்த்துவது இவ்வரிய பகுதியையே.

இந்நோய் பிறரைப் பற்றியது, எமது சபையைப் பற்றவில்லை என்று கூற எமக்கு வாயில்லை. 1833ஆம் ஆண்டிலே கல்கத்தாப் பிஷப் தானியேல் வில்சன், திருச்சபையிற் சாதிவேற்றுமை கூடாதென்று நிருபம் விடுத்தார். அப்போது தென்னாட்டுக் கிறிஸ்தவருட் பலர், ஒரே கிண்ணத்திற் பருகுதற்கு இணங்காது விலகி நின்றனர். ஒரே கிண்ணத்தைச் சின்னமாகக் கொண்ட சமயத்தார் அவ்வாறு செய்தது பூனாவின் மட்குவளையினும் கொடிது.

பழங்கதையோடு இதனை முடித்துவிடவும் எமக்கு மனம் இசையவில்லை. நமது கல்லூரி மைதானத்தில் விடியற்காலையில் உருளை இழுக்கும் முதியவரை நாம் அனைவரும் அறிவோம். அவர் பெயரை அறிந்தோர் நம்முள் எத்தனை பேர்? சென்ற ஆண்டு நம் கட்சி வெற்றி பெற்ற நாளிலே பந்தலில் விருந்து நடந்தது. அவருக்கும் தேநீர் கொடுத்தனர். அவர் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றவாறே அருந்தினார். உள்ளே வரலாகாது என்று அவரை ஒருவரும் தடுக்கவில்லை. வருக என்று ஒருவரும் அழைக்கவும் இல்லை. அழையாதவருள் யாமும் ஒருவராக இருந்தோம். இக்கட்டுரை எழுதத் தொடங்கிய பின்னரே அவரிடம் சென்று பெயர் கேட்டோம். பதினெட்டு ஆண்டுகளாக இம்மைதானத்தில் வேலை செய்வதாகவும், மாணவர் ஒருவர் தம் பெயரைக் கேட்டது அன்றே முதன்முறை என்றும் கூறி நகைத்தார். எமக்கு நகைக்க இயலவில்லை.

இவ்வாண்டு ஆட்டங்கள் விரைவில் தொடங்கும். வெற்றியோ தோல்வியோ, பந்தலில் ஓர் இருக்கை மிகுதியாக இடுவோமாக.