சீரமும் நோய்த் தடுப்பாற்றலும்

உடலிலிருந்து எடுத்த குருதியைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் அது உறைந்து, இளமஞ்சள் நிறமுள்ள தெளிந்த நீர் பிரிந்து நிற்கும். இதுவே சீரம். இதில் குருதியணுக்கள் இல்லை. எனினும் உடலில் நுழையும் பாக்டீரியாக்களையும் ஈஸ்ட்டுகளையும் வெள்ளணுக்கள் இனங்கண்டு அழிப்பதற்கு இந்நீர் இன்றியமையாதது. நாட்டின் தடுப்பூசித் திட்டங்கள் பலவற்றின் அறிவியல் அடிப்படையும் இதில் அடங்கியுள்ளது.

இரு கொள்கைகள்

ரஷ்ய அறிவியலாளர் மெச்னிகாவ், நீர்த்தெள்ளின் உடலில் புகுந்த ஈஸ்ட் வித்துகளை அதன் அணுக்கள் சூழ்ந்து விழுங்குவதை 1884இல் விவரித்தார். நோயை வெல்வது விழுங்கணுக்களே என்பது அவரது கொள்கை. 1890இல் பேரிங், கிட்டசாட்டோ ஆகிய இருவரும், நோய்த் தடுப்பாற்றல் பெற்ற விலங்கின் சீரம் டெட்டனஸ் நச்சை முறிப்பதைக் காட்டினர். எனவே ஆற்றல் சீரத்தில்தான் உள்ளது என்று மற்றொரு சாரார் வாதிட்டனர்.

இவ்விரு கொள்கைகளையும் இணைத்தவர்கள் லண்டனில் பணியாற்றிய ஆல்ம்ராத் ரைட், ஸ்டூவர்ட் டக்ளஸ் ஆகியோர். கழுவித் தூய்மை செய்த வெள்ளணுக்கள் உப்புநீரில் பாக்டீரியாக்களை மிகக் குறைவாகவே விழுங்கின. சீரம் சேர்த்ததும் விழுங்கல் பன்மடங்கு பெருகியது. முன்னதாகவே வெப்பமூட்டிய சீரம் அவ்வாற்றலைப் பெரிதும் இழந்திருந்தது. ஆனால் பாக்டீரியாக்களைச் சீரத்தில் ஊறவைத்த பின்னர் வெப்பமூட்டியபோது விழுங்கல் குறையவில்லை. ஆகவே, சீரம் தூண்டுவது வெள்ளணுவை அன்று. அது பாக்டீரியாவின்மீது படிந்து அதனை இரையாகப் பக்குவப்படுத்துகிறது என்பது தெளிவாயிற்று. 1903இல் அவர்கள் இப்பொருளுக்கு 'ஆப்சோனின்' என்று பெயரிட்டனர். உணவைப் பக்குவப்படுத்துதல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

செயல்படும் முறை

ஆப்சோனின்களுள் முக்கியமானவை இரண்டு வகை. முதலாவது, எதிர்ப்பொருள்கள். இவை குறிப்பிட்ட கிருமியை மட்டும் பற்றிக்கொள்ளும்; மறுமுனையை விழுங்கணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, வெப்பத்தால் எளிதில் செயலிழக்கும் காம்ப்ளிமெண்ட் புரதங்கள். இவற்றுள் சி3 என்னும் புரதம் உடைந்து, அதன் ஒரு பகுதி கிருமியின் மேற்பரப்பில் உறுதியாக ஒட்டிக்கொள்கிறது.

சிலவகை பாக்டீரியாக்களின் மென்படலத்தைக் காம்ப்ளிமெண்ட் புரதங்களே துளைத்து அழித்துவிடும். ஈஸ்ட்டுகளின் சுவரோ தடித்தது. துளைத்தல் அங்குப் பயன்படாது. ஆகவே அவற்றை அழிக்க விழுங்கணுக்களின் உதவி மிகவும் தேவை. ஈஸ்ட் சுவரிலுள்ள மேனன் என்னும் சர்க்கரைப் பொருளை அடையாளங் காணும் தனிப் புரதமும் சீரத்தில் உண்டு. அடிக்கடி நோய்த்தொற்றுக்குள்ளான ஒரு குழந்தையின் சீரம் ஈஸ்ட்டைப் பக்குவப்படுத்தத் தவறியதும், பிறரது பிளாஸ்மாவைச் செலுத்தியபின் அக்குறை நீங்கியதும் 1968இல் வெளியிடப்பட்டன. இத்தகைய குறைபாடு மேனனைப் பற்றும் அப்புரதம் குறைந்திருப்பதோடு தொடர்புடையது என்பது 1989இல் தெரியவந்தது. இப்புரதம் குறைந்தவர்களுள் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். எதிர்ப்பொருள்கள் இன்னும் முழுமையாக உருவாகாத குழந்தைப் பருவத்தில்தான் இக்குறை அதிகமாக வெளிப்படுகிறது.

திட்டங்களோடு தொடர்பு

நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியா, கூட்டுச் சர்க்கரையாலான உறையைப் போர்த்துக்கொண்டு விழுங்கணுக்களிடமிருந்து தப்புகிறது. உறைக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தால் மட்டுமே அதனை எளிதில் பிடிக்க முடியும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடலோ வெறும் சர்க்கரை உறைக்கு எதிராகப் போதிய எதிர்ப்பொருளை உண்டாக்குவதில்லை. உறைப்பொருளை ஒரு புரதத்துடன் பிணைத்துக் கொடுத்தால் உண்டாக்குகிறது. இணைப்புத் தடுப்பூசியின் தத்துவம் இதுவே.

1985இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தில், இதே தத்துவத்தில் அமைந்த ஹிப் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஐந்து நோய்த் தடுப்பூசியின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது. நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. இது 6 வாரம், 14 வாரம், 9 மாதம் ஆகிய வயதுகளில் மூன்று தவணைகளாகப் போடப்படுகிறது. இத்தடுப்பூசியை ஆய்வகத்தில் மதிப்பிடும் முறைகளுள் ஒன்று, குழந்தையின் சீரம் கிருமியை விழுங்கலுக்கு எவ்வளவு பக்குவப்படுத்துகிறது என்று அளப்பதாகும். ரைட்டும் டக்ளஸும் செய்த சோதனையின் வளர்ச்சியே இம்முறை.

காம்ப்ளிமெண்ட் புரதங்களுள் பெரும்பாலானவை கல்லீரலில் உருவாகின்றன. கடுமையான புரதச் சத்துக் குறைவுற்ற குழந்தைகளின் சீரத்தில் சி3 அளவு குறைந்து காணப்படுகிறது. ஆகவே 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பணியும் தடுப்பூசிப் பணியும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை. ஒன்று காம்ப்ளிமெண்ட் புரதங்களுக்கும் மற்றொன்று எதிர்ப்பொருள்களுக்கும் துணை செய்கின்றது.

மாவட்ட அறிக்கைகளில் முதல் தவணை பெற்றோரின் எண்ணிக்கையை மட்டும் நோக்குவது போதாது. ஒன்பதாம் மாதத் தவணை, எதிர்ப்பொருளின் அளவை மீண்டும் உயர்த்தி நீடிக்கச் செய்வதாகும். அதைப் பெறாத குழந்தைக்கு அரசு செய்த செலவின் முழுப்பயன் கிட்டாது. இடம்பெயர்ந்து வேலை தேடும் குடும்பங்களில் இத்தவணை தவறிப்போக வாய்ப்பு மிகுதி. அக்குடும்பங்கள் செல்லும் இடத்திலேயே குழந்தையின் பதிவைச் சரிபார்த்து, எஞ்சிய தவணையை அளிக்க ஏற்பாடு செய்வது களப்பணியாளர்களின் முதற்கடமையாகும்.