குதிரையின் இரட்டைக் குறி

சென்ற ஆண்டு விடுதிப் போட்டியில் கறுப்புக் காய்களுடன் ஆடிய நான், ஒரு சிப்பாய்க்கு ஆசைப்பட்டு டி8இல் இருந்த ராணியை வெளியே அனுப்பினேன். சி7ஐக் காத்து நின்றது அது ஒன்றே. வெள்ளைக் குதிரை டி5இலிருந்து சி7க்குப் பாய்ந்தது. இ8இல் ராஜாவுக்குச் செக். ஏ8இல் யானைக்கும் குறி! ராஜா விலக, யானை பறிபோயிற்று, ஆட்டமும் போயிற்று.

இதுவே இரட்டைத் தாக்குதல். குதிரை தான் நிற்கும் கட்டத்திற்கு மாறான நிறக் கட்டங்களையே தாக்கும். ஆகவே எதிரிக் குதிரை நெருங்கினால், ராஜாவும் யானையும் ஒரே நிறக் கட்டங்களில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சதுரங்கம் சொல்லித்தர வீட்டில் எவருமில்லை; தோற்றுத்தான் கற்றேன். நண்பர்களே, காயை நகர்த்துமுன் அது எதைக் காத்து நிற்கிறது என்று ஒரு கணம் எண்ணுங்கள்!