மாறும் காலமும் மாறாத வழிபாடும்

காலத்தோடு சிறிதும் மாறாத சமய நிறுவனம் மக்களிடமிருந்து விலகிப்போகிறது. காலத்திற்காக அனைத்தையும் மாற்றிக்கொள்ளும் நிறுவனமோ தன்னையே இழந்துவிடுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி எது என்பது எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான வினா. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேற்கு ஐரோப்பியத் திருச்சபைகள் இவ்வினாவை நேருக்கு நேர் சந்தித்தன. ஞாயிறு வழிபாட்டிற்கு வருவோர் குறைந்தனர். துறவு மடங்களில் சேர்வோர் அருகினர். பெற்றோரின் நம்பிக்கை பிள்ளைகளிடம் இயல்பாகவே வந்து சேரும் என்ற நிலை மறைந்தது. அதே காலத்தில் பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியிலுள்ள தேஸே என்னும் சிற்றூரை நாடி இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கினர். இதன் காரணம் ஆராயத்தக்கது.

தோற்றம்

1940 ஆகஸ்டில் ரோஜர் ஷூட்ஸ் என்ற 25 வயது இளைஞர் சுவிட்சர்லாந்திலிருந்து தேஸேக்கு வந்தார். அவர் பிராட்டஸ்டன்ட் போதகர் ஒருவரின் மகன். போரினால் துன்புறும் மக்களின் அருகிலிருந்து வழிபாடும் தொண்டும் நிறைந்த வாழ்வை நடத்துவதே அவரது நோக்கம். அங்கே ஒரு வீட்டை வாங்கி, யூதர்கள் உட்பட அகதிகள் பலருக்குப் புகலிடம் தந்தார். 1942-இல் இது வெளிப்பட்டுவிட்டதால் அவர் சுவிட்சர்லாந்தில் தங்க நேர்ந்தது. 1944-இல் தோழர்கள் சிலருடன் திரும்பினார். போர் முடிந்தபின் அருகிலிருந்த முகாம்களின் ஜெர்மானியக் கைதிகளையும் வரவேற்று உணவளித்தார். நேற்றுவரை பகைவராக இருந்தவர்களை உபசரிப்பது அன்றைய பிரான்சில் எளிய செயலன்று.

1949-ஆம் ஆண்டு ஈஸ்டரின்போது எழுவர் பிரம்மசரியம், பொதுவுடைமை, எளிமை ஆகியவற்றை வாழ்நாள் நோன்பாக ஏற்றனர். தொடக்கத்தில் இதில் பிராட்டஸ்டன்ட் பிரிவினரே இருந்தனர்; பின்னர் கத்தோலிக்கரும் சேர்ந்தனர். பிரிந்து கிடக்கும் திருச்சபைகளிடையே நல்லுறவை வாழ்ந்து காட்டுவதே அவர்களின் குறிக்கோளாயிற்று.

எது மாறியது?

1962-இல் தேஸேயில் 'நல்லிணக்க ஆலயம்' எழுந்தது. போரின் கொடுமைகளுக்குப் பரிகாரமாக ஜெர்மானிய இளைஞர்கள் வந்து அதைக் கட்டினர். சில ஆண்டுகளிலேயே வருவோருக்கு அதில் இடம் போதவில்லை. 1971-ஆம் ஆண்டு ஈஸ்டரையொட்டி, ஆலயத்தின் முகப்புச் சுவரை இடித்து, அதனுடன் ஒரு பெரிய கூடாரத்தை இணைத்தனர்.

மற்றொரு தடையும் இருந்தது. வழிபாடு பிரெஞ்சு மொழியில் நடந்ததால் பிறமொழி இளைஞர்கள் வாய் மூடி நிற்க வேண்டியிருந்தது. எனவே 1970-களில் ழாக் பெர்த்தியே என்ற இசையமைப்பாளரின் துணையுடன், ஓரிரு அடிகளே கொண்ட எளிய பாடல்கள் உருவாயின. அவற்றை மீண்டும் மீண்டும் இசைக்கும்போது, சொல் நினைவில் பதிந்து, மனம் அதன் பொருளில் அமிழ்கிறது. நாம ஜபத்தில் பழகியவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. மறைநூல் வாசிப்பையும் சுருக்கினர்.

எது மாறவில்லை?

நாள்தோறும் மூன்று வேளை வழிபாடு நடைபெறுகிறது. ஒவ்வொன்றின் நடுவிலும் நீண்ட மௌனம் உண்டு. இளைஞர்களுக்கு மௌனம் பிடிக்காது என்று கருதி அதைக் குறைக்கவில்லை, கேளிக்கைகளைச் சேர்க்கவுமில்லை. வருவோர் எளிய உணவை உண்டு, சமையல், துப்புரவு முதலிய பணிகளைப் பகிர்ந்துகொள்கின்றனர். சகோதரர்கள் நன்கொடையோ குடும்பச் சொத்தோ ஏற்பதில்லை. மட்பாண்டம் வனைதல், நூல் வெளியிடுதல் போன்ற தம் உழைப்பாலேயே வாழ்கின்றனர்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வந்த இளைஞர்களைத் தமக்கென ஓர் இயக்கமாக அவர்கள் திரட்டவில்லை. ஊர் திரும்பி அங்குள்ள திருச்சபையிலேயே பணியாற்றத் தூண்டினர். 1978 முதல் ஆண்டிறுதியில் ஏதேனும் ஓர் ஐரோப்பிய நகரில் நடத்தப்பட்டு வரும் இளைஞர் கூட்டங்களின் நோக்கமும் இதுவே. 1985-இல் இத்தகைய கூட்டம் ஒன்று சென்னையிலும் நடைபெற்றது.

சோதனைகள்

2005 ஆகஸ்ட் 16 அன்று மாலை வழிபாட்டின்போது, மனநலம் குன்றிய ஒரு பெண்ணால் சகோதரர் ரோஜர் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 90. அவரது இறுதிச் சடங்கில் அப்பெண்ணுக்காகவும் மன்றாடினர். நாள் வழிபாடு தடையின்றித் தொடர்ந்தது. ஒரு மனிதரின் கவர்ச்சியால் மட்டுமே அது நடைபெறவில்லை என்பது அப்போது தெளிவாயிற்று.

2019-இல் வந்த சோதனை வேறுவகையானது. முந்தைய பதிற்றாண்டுகளில் சகோதரர்கள் சிலர் புரிந்ததாகக் கூறப்பட்ட பாலியல் குற்றங்கள் குறித்த முறையீடுகளைத் தேஸே சமூகமே வெளியிட்டு, நீதித்துறைக்கும் அறிவித்தது. நம்பிக்கையோடு வரும் இளைஞர்களின் பாதுகாப்பு, நிறுவனத்தின் நற்பெயரைவிட மேலானது. இதை மறைத்திருந்தால் மௌனமும் பாடலும் பொருளற்றவையாகியிருக்கும். எந்தச் சமய நிறுவனமும் இதில் விதிவிலக்கன்று.

தெளிவு

தேஸேயில் மாறியவை சுவர், மொழி, பாடலின் நீளம் ஆகியவை. இவை வழிபாட்டிற்குள் நுழைவதற்கான வாயில்கள். மாறாதவை இறைவன் முன் அமைதியாக அமர்தல், எளிமை, உடலுழைப்பு, விருந்தோம்பல் ஆகியவை. இவை வழிபாட்டின் உயிர். வாயில் குறுகியதாக இருந்தால் அதை அகலமாக்கலாம். உள்ளே இருப்பதை மலிவாக்குதல் ஆகாது. இளைஞர்கள் தேடி வந்தது உள்ளே இருந்ததைத்தான்.

சிந்தனைக்கு

1. நாம் கூடி வழிபடும் இடத்தில், புதிதாக வருபவரைத் தயங்கி நிற்கச் செய்பவை எவை?

2. அவற்றுள் எதை நீக்கலாம்? எதை நீக்கினால் வழிபாடே இல்லாமற்போகும்?

3. இளைஞர்களுக்கு நாம் தருவது அமர்ந்து பார்ப்பதற்கான இருக்கையா, சேர்ந்து செய்வதற்கான பணியா?